இடக்கைச் சுற்று

மே 4, ஞாயிறு

இன்று முதல் நாட்குறிப்பு எழுதுவதாக முடிவு செய்திருக்கிறேன். பதினொன்றாம் வகுப்பு முடிந்துவிட்டது. நூலகத்தில் ஒரு தடவைக்கு இரண்டு புத்தகம்தான் தருகிறார்கள். அதில் ஒன்றை வீட்டுக்கு வரும் வழியில் பேருந்திலேயே பாதி முடித்துவிடுகிறேன். மீதிப் பொழுதுக்கு ஏதாவது வேண்டும்.

எழுதத் தகுந்த விஷயமும் இன்றே கிடைத்தது. அக்காவுக்கு ஓசூரில் வேலை கிடைத்திருக்கிறது. கியர்பெட்டி செய்யும் தொழிற்சாலை. இன்ஜினியரிங் படித்து முடித்ததிலிருந்து அவள் எதிர்பார்த்திருந்த வேலை. மத்தியானம் சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னாள்.

"ஜூன் பதினாறு சேரோணுமுங்ப்பா."

அப்பா ரசத்தைப் பிசைந்துகொண்டே கேட்டார். "எங்க தங்குவ?"

"லேடீஸ் ஹாஸ்டல் இருக்குதுங். ஆனா அங்கிருந்து கம்பெனி எட்டு கிலோமீட்டர். ஷிப்ட் நேரத்துக்கு பஸ் கிடையாதாம். ஒரு வண்டி வேணும்."

புது வண்டி இப்போதைக்கு ஆகாது என்று எங்கள் நால்வருக்குமே தெரியும். அப்பா சன்னல் வழியாக வெளியே பார்த்தார். கொட்டகையில், பழைய ஜமக்காளத்தைப் போர்த்திக்கொண்டு செவலை நின்றிருந்தது.

"செவலை ஓடுச்சுன்னா எடுத்துட்டுப் போ சாமி. ஓடலீன்னா இங்க பவானிலயோ ஈரோட்டுலயோ ஒரு வேலை பாத்துக்கலாம்."

அம்மாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. செவலை நகர்ந்து எட்டு வருஷம் ஆகிறது.

"சொன்ன சொல்லு மாற மாட்டீங்களே?" என்றாள் அக்கா.

"இந்த அவிநாசியப்பன் எப்ப மாறியிருக்கறான்?" என்றார் அப்பா. அதன்பிறகு அவர் மோர் வாங்கிக்கொள்ளவில்லை.

செவலை என்பது அப்பாவின் மோட்டார் சைக்கிள். எண்பத்து மூன்றாம் வருஷத்து வண்டி. அப்பா அதைக் கல்யாணத்துக்கு முன்னால் வேறொருவரிடமிருந்து வாங்கினார். செங்கல் நிறம் என்பதால், எங்கள் பக்கத்தில் சிவப்பு மாட்டைக் கூப்பிடுவதுபோல் செவலை என்று பெயர் வைத்துவிட்டார். அம்மாவை அந்தியூரிலிருந்து அழைத்து வந்தது அதில்தான். அக்கா பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அதில்தான். நான் பிறந்தபோது மழை என்பதால் ஆட்டோ. இதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

ஓடாத வண்டிக்கு அப்பா தவறாமல் ஆர்.சி.யையும் இன்சூரன்ஸையும் புதுப்பித்து வருகிறார். எதற்கு என்று அம்மா கேட்டால், "இருக்கட்டும்" என்பார்.

மே 5, திங்கள்

ஜமக்காளத்தை எடுத்தோம். நான் நோயாளியின் தலைமாட்டில் தொங்கும் அட்டையைப்போல அறிகுறிகளைக் குறித்துக்கொள்வதாக அக்காவிடம் சொன்னேன். "நீ நர்ஸா, டாக்டரா?" என்றாள். எழுத்தர் என்றேன்.

இரண்டு டயரும் தரையோடு ஒட்டியிருந்தன. காற்று வடிகட்டும் பெட்டிக்குள் எலி குடியிருந்து, செய்தித்தாளைக் கத்தரித்து மெத்தை போட்டிருந்தது. ஒரு துண்டில் 'நடவடிக்கை எடுக்கப்படும்' என்பது மட்டும் மிச்சம். கிக்கரை மிதித்தால் வண்டி மூச்சுவிட முடியாமல் முக்கியது. சைலன்சருக்குள் கம்பியை விட்டு நோண்டியதில் குளவி கட்டிய மண்கூடு உதிர்ந்து விழுந்தது.

அம்மா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "எல்லாரும் வாடகை குடுக்காம இருந்திருக்காங்க."

மே 8, வியாழன்

டேங்க்கில் பழைய பெட்ரோல் பாகுபோல இறுகிக் கிடந்தது. கார்புரேட்டரின் ஊசிமுனைத் துளையை, கிளட்ச் கேபிளின் ஒரு இழையை உருவி அக்கா சுத்தம் செய்தாள். கண்ணுக்கு நேராகத் துளையைப் பிடித்துப் பார்த்து, "சூரியன் தெரியுது" என்றாள். நானும் பார்த்தேன். தெரிந்தது. வீட்டில் எல்லோரும் பார்த்தார்கள். அம்மா மட்டும், "எனக்கு அது வெளியவே தெரியுது" என்று சொல்லிவிட்டாள்.

மே 11, ஞாயிறு

அப்பாவுக்குக் காலை ஷிப்ட் இல்லை. நகராட்சி பம்ப் ஹவுஸில் மோட்டார் இயக்குவது அவர் வேலை. அதனால் வயரிங் அப்பாவுக்கு, இன்ஜின் அக்காவுக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். எலி கடித்த வயர்களை அப்பா ஒவ்வொன்றாக வெட்டி, முறுக்கி, மேலே இன்சுலேஷன் டேப் சுற்றினார்.

ஒன்றைக் கவனித்தேன். அப்பாவுக்கு இடக்கைப் பழக்கம். எழுதுவது, ஸ்பேனர் பிடிப்பது, வீசுவது எல்லாம் இடக்கைதான். சாப்பிடுவது மட்டும் வலக்கையில். அதனால் அவர் டேப்பைச் சுற்றும் திசையும் மற்றவர்கள் சுற்றுவதற்கு எதிர்த்திசை. ஓர் இணைப்பைச் சரிபார்க்க அக்கா டேப்பைப் பிரிக்கப் போனாள். வழக்கம்போல ஒரு பக்கமாகத் திருகினாள். அது இன்னும் இறுகியது.

"உங்க டேப்பப் பிரிச்சா எனக்குக் கை சுளுக்குதுங்ப்பா."

"நொட்டாங்கைக்காரன் வேலை. திருடன் வந்தாலும் பிரிக்க முடியாது" என்றார் அப்பா, பெருமையாக.

"எந்தத் திருடன் டேப்பத் திருட வர்றான்?" என்றாள் அம்மா, உள்ளேயிருந்து.

மே 15, வியாழன்

புது பேட்டரி வைத்தோம். பிரேக்கை மிதித்தால் பின்விளக்கு எரிய வேண்டும். அதற்குப் பதிலாக இன்டிகேட்டர் மங்கலாக எரிந்தது. ஹாரனை அழுத்தினால் பிரேக் விளக்கு மினுங்கியது. எனக்கு மிகவும் பிடித்துப்போன பழுது இது.

அக்கா விளக்கினாள்: மின்சாரம் பேட்டரியிலிருந்து கிளம்பினால் திரும்ப வீட்டுக்கு வந்தாக வேண்டும். வண்டியின் இரும்பு உடம்புதான் அது திரும்பும் பாதை. அந்தப் பாதை துருப்பிடித்து அடைத்திருந்தால், அது நிற்காது. பக்கத்து விளக்கு வழியாக, ஹாரன் வழியாக, எந்தச் சந்து கிடைக்கிறதோ அதில் புகுந்து திரும்பிவரும். வயரை வண்டியின் உடம்போடு இணைக்கும் எர்த் போல்ட்டைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்ததும் எல்லாம் சரியாகிவிட்டது.

"எப்படியாவது ஊடு வந்து சேர்ந்துருது பாரு" என்றார் அப்பா. அவர் மின்சாரத்தைத்தான் சொன்னார்.

மே 18, ஞாயிறு

பொறி இல்லை. கிக்கரை உதைத்து உதைத்து அக்காவின் கணுக்கால் வீங்கிவிட்டது. அம்மா உப்பு ஒத்தடம் கொடுத்தாள். வண்டிக்கும் கொடுத்தால் தேவலை என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

மே 22, வியாழன்

இன்று செவலை உயிர் பெற்றது.

பாயிண்ட் என்று ஒன்று இருக்கிறது. இரண்டு சிறு உலோகப் பொட்டுகள். அவை ஒட்டி விலகும்போதெல்லாம் பிளக்கில் ஒரு பொறி. எட்டு வருஷத்தில் அந்தப் பொட்டுகள் கறுத்துப்போய்விட்டன. அக்கா தேய்த்து, இடைவெளி வைத்து, பொறி பாயிண்டிலேயே பறந்து வீணாகாமல் தடுக்கும் கண்டென்சரையும் சோதித்து, நன்றாக இருக்கிறது என்று மூடியைப் பூட்டினாள். பிளக்கைக் கழற்றி இன்ஜின்மேல் சாய்த்து அப்பா கிக்கரை அமுக்க, டிக் என்று நீலமாக ஒரு பொறி. அதன்பின் பிளக்கைப் பூட்டி, மூன்றாவது உதையில், முதலில் ஒரு இருமல், பிறகு புகை, பிறகு சத்தம். பக்கத்து வீட்டு நாய் மதில் மேலிருந்து குதித்து ஓடியது.

அக்கா அப்பாவைக் கட்டிக்கொண்டாள். அப்பாவின் சட்டையில் அவளுடைய இரண்டு கையும் கிரீஸாகப் பதிந்தன. அம்மா அதைத் துவைக்க எடுத்தபோது அப்பா தரவில்லை. "கிரீஸ் போகாது. வேலைக்குன்னு தனியா வெச்சுக்கறேன்" என்றார். பம்ப் ஹவுஸுக்குக் காக்கிச் சட்டைதான் போட வேண்டும். இது வெள்ளை.

மே 26, திங்கள்

கிளம்புகிறது. காலிங்கராயன்பாளையம் வரை போனால் நின்றுவிடுகிறது. தள்ளிக்கொண்டு வந்தால் வீட்டுக்கு வந்ததும் நல்ல பிள்ளையாகக் கிளம்புகிறது. அக்கா பிளக்கை மாற்றினாள், கார்புரேட்டரை மறுபடி பிரித்தாள். காரணம் தெரியவில்லை.

"போகச் சொன்னா நின்னுக்குது" என்றார் அப்பா. இன்றைக்கு அவர் ரொம்பக் கலகலப்பாக இருந்தார்.

மே 29, வியாழன்

கண்டுபிடித்தது நான். இதைச் சற்று விரிவாகவே எழுதப்போகிறேன்.

அம்மா புது எண்ணெய் டின்னில் ஒரு துளை போட்டுக் கவிழ்த்தாள். எண்ணெய் கொஞ்சம் வந்து நின்றுவிட்டது. எதிர்மூலையில் இன்னொரு துளை போட்டதும் சீராக வந்தது. உள்ளே காற்று போனால்தான் எண்ணெய் வெளியே வரும். உடனே எனக்கு டேங்க் மூடியின் நினைவு வந்தது. அதில் காற்று போக ஒரு நுண்துளை இருக்க வேண்டும் என்று இயற்பியல் ஆசிரியை எப்போதோ சொல்லியிருக்கிறார். அக்காவிடம் ஓடினேன். அடுத்த தடவை வண்டி நின்றதும் மூடியைத் திறக்கச் சொன்னேன். திறந்ததும் புஸ் என்று காற்று உள்ளே இழுபட்டது. உதைத்தாள். கிளம்பியது. மூடியைத் துடைக்கப் போட்ட பாலீஷ் துளையில் அடைத்திருந்தது. ஊசியால் குத்தினோம்.

மாலையில் அக்காவும் நானும் லட்சுமி நகர் தாண்டிப் போய்த் திரும்பினோம். செவலை ஒரு தடவைகூட நிற்கவில்லை. அக்கா அம்மாவிடம் சொன்னாள். "சுபிதான்மா கண்டுபுடிச்சா. அவ இல்லீன்னா நான் ஓசூர் போயிருக்க முடியாது."

அதைக் கேட்ட பிறகுதான் நான் என்ன கண்டுபிடித்திருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது.

அப்பா, "கெட்டிக்காரி" என்று என் தலையில் கைவைத்தார். கை கனமாக இருந்தது.

ஜூன் 1, ஞாயிறு

செவலை கிளம்பவில்லை. துளியும் பொறி இல்லை.

நேற்று மாலை வரை நன்றாக ஓடிய வண்டி. அக்கா பேட்டரியிலிருந்து தொடங்கி, சோதனை விளக்கை வைத்து ஒவ்வோர் இடமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். டேங்க்கைக் கழற்றினாள். டேங்க்குக்கு அடியில், பொறிக்கு மின்சாரம் தரும் காயிலுக்குப் போகும் வயரில் ஒரு டேப் சுற்று. வலப்பக்கமாகத் திருகினாள். இறுகியது. அப்படியே சற்று நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு எதிர்ப்பக்கம் திருகினாள். பிரிந்தது. உள்ளே வயரின் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொடாமல் இருந்தன.

அப்பா கொட்டகைத் தூணில் சாய்ந்து நின்றிருந்தார்.

"எலி கடிச்சிருக்குதுங்ப்பா" என்றாள் அக்கா.

"எலியாத்தான் இருக்கும்" என்றார் அப்பா.

கடித்த எலி மேலே டேப் சுற்றுமா என்று நான் கேட்கவில்லை. டேப் பளபளவென்று புதிதாக இருந்தது என்பதை மட்டும் இங்கே குறித்துவைக்கிறேன்.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்துவிட்டது. புதுப் புத்தகங்களின் வாசனை. கணக்குக்கு அதே ஆசிரியர். வேறொன்றும் இல்லை.

ஜூன் 5, வியாழன்

மறுபடி பழுது. பொறி வருகிறது. ஆனால் மஞ்சளாக, சோகையாக. பாயிண்டிலேயே பொறி பறந்து வீணாகிறது. கண்டென்சர் செத்துவிட்டது என்றாள் அக்கா. போன மாதம்தான் அதைச் சோதித்து நன்றாக இருக்கிறது என்று நானே எழுதியிருக்கிறேன்.

ஓசூர் போகும் வழியிலுள்ள தொப்பூர் கணவாய் பற்றி அம்மா கவலைப்பட்டாள். லாரிகள் எப்படியெல்லாம் வரும் என்று அவள் செய்தியில் பார்த்திருக்கிறாள்.

"எனக்கு அது ஏத்தம்தான்மா. இறக்கத்துலதான் பயம்."

"திரும்பி வர்றப்ப இறக்கம்தான?" என்றார் அப்பா.

"திரும்பி வர்றதப் பத்தி இப்பவே பேசறீங்களே" என்று அக்கா சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை.

ஒன்றை யோசித்துப் பார்த்தேன். இந்த மாதத்துப் பழுதுகள் எல்லாமே வண்டியைக் கிளம்பவிடாத பழுதுகள். பிரேக்கில் ஒன்றுமில்லை. சக்கரத்தில் ஒன்றுமில்லை. ஓடும்போது ஆளைத் தள்ளிவிடக்கூடிய எதுவும் கெடவில்லை. மாறாக, பிரேக் கேபிள் இரண்டும் புதிதாக இருந்தன. யார் மாற்றியது என்று கேட்டதற்கு, "சும்மா, கெடந்துச்சு, போட்டேன்" என்றார் அப்பா.

ஜூன் 7, சனி

கண்டென்சர் வாங்க நானும் அக்காவும் ஈரோடு போனோம். பழைய வண்டிகளுக்கு உதிரிப் பாகம் விற்கும் நூருல்லா பாய் கடை. அப்பா பெயரைச் சொன்னதும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"பவானி அவிநாசியப்பன் பொண்ணுங்களா? உட்காருங்கம்மா. போன வாரம் அப்பா வந்திருந்தாரே."

"எதுக்குங்க?" என்றாள் அக்கா.

"அதச் சொல்லுங்க. புதுசு வேண்டாம் பாய், செத்துப்போன கண்டென்சர் ஒண்ணு இருந்தாக் குடுங்கன்னாரு. எங்க வாப்பா காலத்துல இருந்து கடை நடத்தறோம். செத்தது வேணும்னு கேட்டு வந்த முதல் ஆளு அவருதான். குப்பைல கையவிட்டு ஒண்ணு எடுத்துக் குடுத்தேன். என்ன ஆராய்ச்சிம்மா பண்றாரு?"

"எலி ஆராய்ச்சிங்க" என்றாள் அக்கா.

பாய் புரியாமல் சிரித்தார். அக்காவும் சிரித்தாள். பேருந்தில் வரும்போது சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பவானி வரும்வரை முகத்தைத் திருப்பவில்லை. நான் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் படித்தேன்.

ஜூன் 9, திங்கள்

புது கண்டென்சர் போட்டதும் நேற்று முழுக்க நன்றாக ஓடியது. இன்று காலை உதைத்தாள். இல்லை. இன்னொரு தடவை. இல்லை.

அக்கா சோதனை விளக்கை எடுக்கவில்லை. டேங்க்கைக் கழற்றவில்லை. ஸ்பேனர்களைத் துணியில் துடைத்து, பெட்டியில் வரிசையாக அடுக்கினாள். ஜமக்காளத்தை எடுத்து உதறி, செவலைமேல் போர்த்தினாள். கோபமாக அல்ல. குழந்தைக்குப் போர்த்துவதுபோல, ஓரங்களை இழுத்துவிட்டு.

"செவலைக்கு இஷ்டம் இல்ல போலிருக்குதுங்ப்பா. நான் இங்கயே ஏதாவது பாத்துக்கறேன்."

அப்பா டீ டம்ளரைக் கையில் வைத்தபடி நின்றார். "இன்னொருக்கா பாக்கலாமே கண்ணு" என்றார்.

"பரவால்லீங்ப்பா."

உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து துணிகளை எடுத்துப் பீரோவில் வைத்தாள்.

ஜூன் 10, செவ்வாய்

அக்கா அம்மாவுக்குக் கீரை ஆய்ந்தாள். மிக நன்றாக ஆய்ந்தாள். ஒரு தண்டுகூட இல்லை.

ஜூன் 11, புதன்

பள்ளியிலிருந்து வந்தபோது வீட்டில் யாரும் இல்லை. கொட்டகைக்குப் போனேன். அக்கா சோதிக்கும் முறையைப் பார்த்துப் பார்த்து எனக்கும் கொஞ்சம் தெரியும். பாயிண்ட் மூடியின் இரண்டு திருகாணியைக் கழற்றினேன். உலோகப் பொட்டுகள் இரண்டுக்கும் நடுவில் மடித்த காகிதம் ஒன்று இருந்தது. சீரக மிட்டாய் சுற்றும் பச்சைக் காகிதம். அப்பாவின் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் மிட்டாய்.

அதை எடுத்தால் வண்டி ஓடும்.

நான் அதை எடுத்தேன். பார்த்தேன். இருந்த இடத்திலேயே திரும்ப வைத்து, மூடியைப் பூட்டிவிட்டு வந்துவிட்டேன். ஏன் என்று எழுதத் தெரியவில்லை. இன்று வேதியியல் வீட்டுப்பாடம் நிறைய இருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

காலையில் அம்மா கிரைண்டரில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். கிரைண்டர் சத்தத்தில் பேச வேண்டுமானால் உரக்கத்தான் பேச வேண்டும். அதனால் பக்கத்து அறையில் தலைவாரிக்கொண்டிருந்த எனக்குக் கேட்டது. ஒட்டுக்கேட்கவில்லை.

"வண்டி நிக்கறதுகூடப் பரவால்லீங்க. புள்ள நின்னுட்டா பாருங்க, அதப் பாக்க முடியல" என்றாள் அம்மா.

"நான் என்ன பண்ணுனேன்?"

"நான் ஒண்ணும் சொல்லலியே. அந்தியூர்ல எங்கப்பா வாசல்ல நின்னாரு, ஞாபகம் இருக்குதுங்களா? செவலை முக்குத் திரும்பற வரைக்கும் நானும் திரும்பித் திரும்பிப் பாத்துட்டே வந்தேன். அவரு உள்ள போகவே இல்ல. அழுதுட்டுத்தான் நின்னாரு. ஆனா வண்டிச் சாவிய ஒளிச்சு வெக்கல."



"வெச்சிருந்தார்னா எனக்கு இன்னொரு நாளு விருந்துச் சாப்பாடு கெடச்சிருக்கும்" என்றார் அப்பா.

அம்மா மாவுக்கையை அவர்மேல் உதறியிருக்க வேண்டும். வெளியே வந்தபோது அவர் மீசையில் வெள்ளையாக இருந்தது.

ஜூன் 13, வெள்ளி

அப்பா இன்று லீவு. எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி நானும் பள்ளிக்குப் போகவில்லை. கொஞ்சம் காய்ச்சல் இருந்தது.

அப்பா விடிந்ததும் ஜமக்காளத்தை விலக்கினார். பாயிண்ட் மூடியைத் திறந்து எதையோ எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அதோடு முடிந்திருக்கும். ஆனால் அவர் அதன்பிறகு டேங்க்கைக் கழற்றினார். முகப்பு விளக்கைப் பிரித்தார். சீட்டைத் தூக்கினார். வண்டி முழுவதும் தான் சுற்றிய டேப்புகளை ஒன்றுவிடாமல் உரித்துப் போட்டார். புது ரோல் ஒன்றைப் பிரித்து, எல்லாவற்றையும் திரும்பச் சுற்றத் தொடங்கினார். வலக்கையால். நான் பக்கத்தில் உட்கார்ந்து வயரைப் பிடித்துக்கொண்டேன். டேப் ஒட்டிக்கொண்டது, சுருங்கியது, கையிலிருந்து நழுவியது. டேங்க்குக்கு அடியில் இருந்த அந்த ஒன்றை மட்டும் மூன்று தடவை உரித்து உரித்துச் சுற்றினார்.

மத்தியானம் ஆகிவிட்டது. அக்கா வாசலில் வந்து நின்றாள்.

"எலி கடிச்சதெல்லாம் சரிபண்ணிட்டேன் கண்ணு. இனி அது வராது."

"டேப்பெல்லாம் எதுக்குங்ப்பா மாத்துனீங்க?"

"நடுரோட்டுல நின்னுபோச்சுன்னா உனக்குப் பிரிக்கக் கை வரோணுமில்ல. எல்லாம் உன் கைப்பக்கமாவே சுத்திட்டேன்."

அக்கா குனிந்து ஒரு சுற்றை விரலால் தடவிப் பார்த்தாள். ரொம்ப நேரம் தடவினாள்.

"சுருக்கம் சுருக்கமா இருக்குது."

"சோத்துக்கைக்குச் சோறு திங்கத்தான் தெரியும். அவ்வளவுதான் வரும். வந்து உதை சாமி."

அக்கா ஏறி உதைத்தாள். முதல் உதையிலேயே கிளம்பியது.

பீரோவிலிருந்து துணிகளைத் திரும்பப் பெட்டியில் அடுக்கியது அம்மாவும் நானும்.

ஜூன் 14, சனி

அக்கா போய்விட்டாள். பின்சீட்டில் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டினோம். கிளம்பும்போது என் காதில் சொன்னாள். "அன்னிக்குப் பாயிண்ட் மூடில ஒரு திருகாணிய நீ சரியா முடுக்கல."

எப்படித் தெரியும் என்று கேட்பதற்குள் கியர் போட்டுவிட்டாள்.

அப்பா ஊராட்சிக்கோட்டை வரை பின்னால் போய் வழியனுப்பிவிட்டு வருவதாக, பம்ப் ஹவுஸுக்குப் போய்வரும் தன் மொபெட்டை எடுத்தார். அரைமணி நேர வேலை. பன்னிரண்டு மணிக்கு மேல்தான் வந்தார். கையில் ஒரு பொட்டலம். வறுத்த மேட்டூர் மீன்.

"ஏனுங்க, ஊராட்சிக்கோட்டையிலயே இப்ப டேம் மீன் வறுக்கறாங்களா?" என்றாள் அம்மா.

"ஆறிப்போகுது, சாப்புடு" என்றார் அப்பா.

மாலையில் அக்கா ஓசூரிலிருந்து கூப்பிட்டாள். செவலை எங்கேயும் நிற்கவில்லையாம்.

ஜூன் 15, ஞாயிறு

கொட்டகையில் செவலை நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை இருக்கிறது. அம்மா அதைச் சுற்றித்தான் பெருக்குகிறாள்.

ஜூன் 21, சனி

வகுப்புத் தேர்வுத் தாள் திரும்ப வந்தது. இயற்பியலில் மின்சுற்று பற்றிய கேள்விக்கு, மின்சாரம் எப்படியாவது வீட்டுக்குத் திரும்பிவிடும் என்று எழுதியிருந்தேன். ஆசிரியை அதன் கீழே கோடிட்டு, 'மொழி?' என்று கேட்டிருக்கிறார். மதிப்பெண் கொடுத்துவிட்டார்.

அப்பா தினமும் ஷிப்ட் முடிந்து வந்ததும் கொட்டகையில் நாற்காலி போட்டு உட்காருகிறார். அங்கேதான் காற்று வருகிறதாம். காற்று வருவது பின்வாசலில்.

ஜூன் 27, வெள்ளி

சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள். அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"காலைல செவலை கிளம்பலீங்ப்பா. பக்கத்து ரூம் பொண்ணுகூட வேலைக்குப் போயிட்டேன்."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "பொறி பாத்தியா?"

"இல்லீங்."

"பாயிண்ட்டு?"

"நல்லாத்தான் இருக்குது."

"கண்டென்சர்?"

"அதுவும்."

"டேங்க்குக்கு அடில?"

"போட்டோ அனுப்பறேன் பாருங்."

படம் வந்தது. காயிலுக்குப் போகும் வயர். அதன்மேல் டேப். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். நானும் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன்.

இதை நான் கவனமாக எழுத வேண்டும். அந்த இடத்தில் அப்பா சுற்றியபோது வயரைப் பிடித்திருந்தவள் நான். அது வலக்கைச் சுற்று. சுருக்கங்களோடு இருந்தது. படத்தில் இருந்தது இடக்கைச் சுற்று. ஒரு சுருக்கம் இல்லாமல், பளபளவென்று, புதிதாக.

அப்பா போனை ஒருமுறை தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு நேராக வைத்துப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"அதப் பிரிச்சு, வயரச் சேத்துக் கட்டுனாப் போதுமே கண்ணு. உனக்குத் தெரியாததா?"

"அந்தப் பக்கமாப் பிரிக்க எனக்குக் கை வரலீங்ப்பா" என்றாள் அக்கா.

ஓசூரில் பின்னால் யாரோ வாளியில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது.

"எலியாத்தான் இருக்கும்" என்றார் அப்பா.

"ஓசூர்லயுமா?" என்றாள் அம்மா, சமையலறையிலிருந்து.

"ஓசூர் எலி இன்னும் மோசம். நேர்ல போனாத்தான் சரிபண்ண முடியும். ஞாயித்துக்கிழமை முதல் பஸ்ஸுக்குப் போலாம். எல்லாருமே."

நான் இதைப் பற்றி யாரிடமும் எதுவும் கேட்கப்போவதில்லை.

ஜூன் 28, சனி

அம்மா முறுக்கு சுட்டாள். அப்பா, பழுது பார்க்கத் தேவையான சாமான்களைத் தானே எடுத்து வைத்துக்கொள்வதாகச் சொல்லி, அக்காவின் கிரீஸ் கை பதிந்த அந்த வெள்ளைச் சட்டையைத் தேய்த்து மாட்டிவிட்டு, பையைக் கட்டிவைத்தார். அவர் குளிக்கப் போனபோது தூக்கிப் பார்த்தேன். ஸ்பேனர் இல்லை. டெஸ்டர் இல்லை. ஒரு டேப் ரோல், கைநிறையச் சீரக மிட்டாய், மீதியெல்லாம் முறுக்கு.